மலையேறப் போறீங்களா? பையில் முதலில் எதை வைக்கணும்: எலப்புள்ளியில் இருந்து ஒரு கணக்கு

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு மெசேஜ் வரும். "நாளைக்கு காலைல 5 மணிக்கு கிளம்பறோம். பாலக்காடு சைடு. யார் என்ன ஸ்நாக்ஸ் கொண்டு வர்றீங்க?" அடுத்த பத்து நிமிடத்தில் சிப்ஸ், முறுக்கு, பிஸ்கட், கேக் என்று பட்டியல் நீண்டுவிடும். தண்ணீரைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். அது வழியில் கிடைக்கும் என்பது எல்லோருடைய நம்பிக்கை.

என் முதல் மலையேற்றத்துக்கு நானும் அப்படித்தான் போனேன். ஐந்து பேர், ஆறு பாக்கெட் சிப்ஸ், ஆளுக்கு ஒரு லிட்டர் பாட்டில். பத்தரை மணிக்கு பாட்டில் காலி. சிப்ஸ் பாதிக்கு மேல் அப்படியே வீடு திரும்பியது. நாக்கு வறண்டு கிடக்கும்போது உப்பும் எண்ணெயும் தொண்டைக்குள் இறங்காது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஐப்பசி பிறந்ததும் கோவை, பொள்ளாச்சி, திருப்பூர் பக்கம் இருந்து பாலக்காட்டு மலைகளுக்குப் போகிறவர்கள் அதிகம். ஒரு நாள் நடைக்கு வீட்டில் இருந்து என்ன செய்து எடுத்துப் போகலாம், எவ்வளவு, ஏன் என்பதை இங்கே பார்ப்போம்.

எலப்புள்ளி ஏன்?

பாலக்காட்டில் இருந்து கொழிஞ்சாம்பாறை வழியாகப் பொள்ளாச்சி போகும் சாலையில் இருக்கிற ஊர் எலப்புள்ளி. கொஞ்சம் கிழக்கே போனால் கடைகளில் பாதிப் பேர் தமிழில் பேசுவார்கள். ஊரில் மலை கிடையாது. பாலக்காட்டுக் கணவாயின் சமதளத்தில் வயலும் பனையுமாகக் கிடக்கிறது. ஆனால் வடக்கே மலம்புழா, தோணி மலைகளுக்கும் தெற்கே நெல்லியாம்பதிக்கும் கிளம்ப வசதியான இடம்.

இந்த ஊர் செய்தியில் அடிபட்டதும் தண்ணீரால்தான். 2025 ஜனவரியில் இங்கே மதுபான ஆலை அமைக்க கேரள அமைச்சரவை முதற்கட்ட அனுமதி கொடுத்தது. ஏற்கெனவே மழை குறைவான கிழக்குப் பாலக்காட்டில் நிலத்தடி நீர் என்னாகும் என்று எதிர்ப்பு கிளம்பியது. "கேரளான்னா எங்க பார்த்தாலும் தண்ணி" என்று நினைத்துக்கொண்டு எல்லை தாண்டுகிறவர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய தகவல் இது.

குறும்பாச்சி மலையில் என்ன நடந்தது?

2022 பிப்ரவரி 7. மலம்புழா அருகே சேராடு பகுதியில் இருக்கும் குறும்பாச்சி மலையில் உள்ளூர் இளைஞர் ஒருவர் நண்பர்களுடன் ஏறினார். வயது 23. ஒரு பகல் நேர ஏற்றம், அவ்வளவுதான் திட்டம். இறங்கும்போது கால் வழுக்கி, செங்குத்தான பாறை இடுக்கில் போய் மாட்டிக்கொண்டார். காலில் காயம். கையில் மொபைல் இருந்தது, இருக்கும் இடத்தைப் படம் எடுத்து அனுப்பவும் முடிந்தது. ஆனால் குடிக்கத் தண்ணீரும் இல்லை, சாப்பிட எதுவும் இல்லை.

மறுநாள் கடலோரக் காவல் படையின் ஹெலிகாப்டர் வந்தது. பாறையின் அமைப்பால் அவரை நெருங்க முடியவில்லை. பிறகு குன்னூர் வெலிங்டனில் இருந்தும் பெங்களூருவில் இருந்தும் ராணுவக் குழுக்கள் வரவழைக்கப்பட்டன. பிப்ரவரி 9 காலையில் ராணுவ வீரர் ஒருவர் கயிற்றில் இறங்கி அவரை அடைந்து, முதல் வேலையாகக் கொடுத்தது தண்ணீர். அதன் பிறகுதான் மேலே தூக்கினார்கள். 40 மணி நேரத்துக்கும் மேல் அந்த இடுக்கில் உட்கார்ந்திருந்தார்.

அவர் பிழைத்தது மகிழ்ச்சி. நமக்கு இதில் இருக்கும் செய்தி வேறு. அவர் போனது பல நாள் பயணத்துக்கு இல்லை. நீங்களும் நானும் ஞாயிற்றுக்கிழமை போகிற மாதிரி ஒரு சில மணி நேர நடைக்குத்தான். ஆகவே பையில் இரண்டு பங்கு இருக்க வேண்டும். ஒன்று திட்டமிட்ட நேரத்துக்கு. இன்னொன்று திட்டத்தில் இல்லாத நேரத்துக்கு. இரண்டிலும் தண்ணீர் முதலில், தின்பண்டம் அப்புறம்.

எவ்வளவு தண்ணீர், எவ்வளவு சாப்பாடு?

மிதமான வெயிலில் மிதமான நடைக்கு மணிக்கு அரை லிட்டர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. ஏறி இறங்க 5 மணி நேரம் என்றால் 2.5 லிட்டர். அவசரத்துக்கு அரை லிட்டர் சேர்த்தால் 3 லிட்டர், அதாவது 3 கிலோ.

இப்போது சாப்பாடு. உடற்பயிற்சி ஆய்வுகளில் மலைப்பாதை நடையின் உழைப்பை, சும்மா உட்கார்ந்திருப்பதைப் போல சுமார் 6 மடங்கு என்று கணக்கு வைப்பார்கள். 60 கிலோ எடையுள்ளவர் உட்கார்ந்திருந்தால் மணிக்கு சுமார் 60 கலோரி செலவாகும். மலையேறினால் 360. நான்கு மணி நேரம் நடந்தால் 1,440. பார்த்தால் பெரிய எண். ஆனால் அவ்வளவையும் வழியிலேயே தின்று தீர்க்க வேண்டியதில்லை. காலை டிஃபன் இருக்கிறது, தசையிலும் கல்லீரலிலும் சேமித்த சர்க்கரை இருக்கிறது, கொழுப்பு பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

வழியில் தேவைப்படுவது, ரத்தத்தில் சர்க்கரை சரிந்து கால் துவளாமல் பார்த்துக்கொள்ள மணிக்கு 30 கிராம் அளவுக்கு மாவுச்சத்து. நான்கு மணிக்கு 120 கிராம். கடலை மிட்டாய் 100 கிராம், ஒரு நேந்திரம்பழம், இரண்டு கைப்பிடி அவல். ஏறக்குறைய கணக்கு முடிந்தது. பழத்தைத் தவிர்த்துப் பார்த்தால் உலர்ந்த தின்பண்டம் 150 கிராம்தான். அவசரப் பங்கையும் சேர்த்தால் 300 கிராம்.

3 கிலோ தண்ணீர், 300 கிராம் தீனி. பத்துக்கு ஒன்று. ஆறு பாக்கெட் சிப்ஸோடு கிளம்பிய எங்கள் குழுவின் கணக்கு எவ்வளவு தலைகீழ் என்று இப்போது புரிந்திருக்கும்.

ஐப்பசியில் மட்டும் என்ன தனி?

வெளிநாட்டு ட்ரெக்கிங் வீடியோக்களில் இலையுதிர்காலம் என்றால் வானம் தெளிந்து கிடக்கும், இலை சிவந்து உதிரும். நமக்கு அது ஐப்பசி அடைமழைக் காலம். மலையாளத்தில் துலாவர்ஷம். காலையில் வெயில் பளிச்சென்று அடிக்கும், மதியத்துக்கு மேல் மேகம் கூடி இடியோடு கொட்டும். கேரள மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம் தன் இடிமின்னல் எச்சரிக்கைகளில் பிற்பகல் 2 மணி முதல் இரவு 10 மணி வரை குறிப்பாகக் கவனமாக இருக்கச் சொல்கிறது. மொட்டைப் பாறை உச்சியில் அந்த நேரத்தில் நிற்கக் கூடாது. ஒரு மணிக்குள் அடிவாரம் வந்துவிடுவது மாதிரி திட்டம் போடுங்கள். அப்படிப் போட்டால் மதியச் சாப்பாட்டைச் சுமக்க வேண்டிய அவசியமே பாதி குறைந்துவிடும். கீழே இறங்கி நிழலில் உட்கார்ந்து சாப்பிடலாம்.

கார்த்திகை பிறந்தால் நிலைமை மாறும். கணவாய் வழியாகக் கிழக்கில் இருந்து வறண்ட காற்று வீசத் தொடங்கும். பாலக்காட்டில் இதற்கு விருச்சிகக் காற்று என்று பெயரே உண்டு. காற்று ஜில்லென்று இருக்கும், வியர்வை உடனுக்குடன் காய்ந்துவிடும். "வேர்க்கவே இல்லையே" என்று தோன்றும். வியர்வை போகாமல் இல்லை, சட்டையில் தெரியவில்லை, அவ்வளவுதான். இந்தக் காற்றில் தாகத்தை நம்பாதீர்கள். மணி பார்த்துக் குடியுங்கள்.

கடலை மிட்டாய்: எடைக்கு ஏற்ற பலன்

மலையேற்றத் தின்பண்டத்துக்கு ஒரே ஒரு அளவுகோல் வைத்தால் போதும். ஒரு கிராமுக்கு எத்தனை கலோரி? இட்லி 1.3 சுற்றி வரும், பெரும்பகுதி நீர்தான். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட இந்திய உணவு அட்டவணையின்படி நிலக்கடலை 100 கிராமுக்கு 520 கலோரியை ஒட்டி, வெல்லம் 350ஐ ஒட்டி. இரண்டும் சேர்ந்த கடலை மிட்டாய் கிராமுக்கு சுமார் 4.5 கலோரி. மூன்று நான்கு இட்லி தருவதை உள்ளங்கையில் அடங்கும் துண்டு தந்துவிடும். வெல்லம் சீக்கிரம் ஏறும், கடலையின் கொழுப்பும் புரதமும் மெதுவாகத் தாங்கும். கடையில் 'எனர்ஜி பார்' என்று பளபள உறையில் விற்பதற்கும் இதற்கும் செய்முறையில் பெரிய வித்தியாசம் இல்லை. விலையில் இருக்கிறது.

கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வாங்கிப் போகலாம், தப்பே இல்லை. வீட்டில் செய்வதாக இருந்தால் இடுக்கி எல்லையில் உள்ள மறையூரின் வெல்லத்தைத் தேடிப் பாருங்கள். கையால் பிடித்த கருமையான உருண்டையாக வரும். 2019இல் அதற்கும் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. உடுமலையில் இருந்து மூணாறு போகிறவர்களுக்கு மறையூர் வழியில்தான்.

வறுத்துத் தோல் நீக்கிய கடலை 200 கிராம், வெல்லம் 150 கிராம், எள் இரண்டு ஸ்பூன், சுக்குப் பொடி ஒரு சிட்டிகை. வெல்லத்தைக் கால் டம்ளர் தண்ணீரில் கரைத்து, கட்டாயம் வடிகட்டணும். மண் இருக்கும். அடி கனமான பாத்திரத்தில் பாகு காய்ச்சுங்கள். பதம்தான் எல்லாமே. ஒரு சொட்டை எடுத்து குளிர்ந்த தண்ணீரில் விட்டால் கரையாமல் கெட்டியாக உருளணும், அந்த உருண்டையைத் தட்டில் போட்டால் 'டங்' என்று சத்தம் வரணும். அந்தச் சத்தம் வருவதற்கு முன்னால் இறக்கினால் பல்லில் ஒட்டும், பையிலும் ஒட்டும். சத்தம் வந்தால் உடனே அடுப்பை அணைத்து, கடலை, எள், சுக்கைக் கொட்டிக் கிளறி, நெய் தடவிய தட்டில் சமப்படுத்தி, சூடு இருக்கும்போதே கத்தியால் கோடு போட்டுவிடுங்கள்.

ஆறியதும் காற்றுப் புகாத டப்பாவுக்குள் போகணும். வெல்லம் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். ஐப்பசி ஈரத்தில் திறந்து வைத்தால் ஒரே ராத்திரியில் பிசுபிசுக்கும். குழுவில் யாருக்காவது கடலை ஒவ்வாமை இருக்கிறதா என்று முன்னாடியே கேட்டுவிடுங்கள். இருந்தால் மலையேற்றப் பையில் கடலையே வேண்டாம், எள்ளுருண்டை செய்யலாம். எள்ளும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, அதையும் சேர்த்தே கேளுங்கள்.

காரம் எதற்கு?

மூன்று மணி நேரம் இனிப்பே தின்றால் திகட்டும். அது ஒரு காரணம். இன்னொன்று உப்பு. ஒரு லிட்டர் வியர்வையில் சராசரியாக ஒரு கிராமை ஒட்டி சோடியம் வெளியேறும், ஆளுக்கு ஆள் இது நிறைய மாறும். உப்பே இல்லாமல் வெறும் தண்ணீரை மட்டும் மடமடவென்று குடித்துக்கொண்டே போனால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய் தலைவலி, குமட்டல், மோசமானால் குழப்பம் வரைக்கும் போகும்.

அதற்குத்தான் கார அவல். கெட்டி அவல் 100 கிராமைச் சிறு தீயில் வெறும் வாணலியில் மொறுமொறுப்பாகும் வரை வறுத்து எடுத்துவிடுங்கள். ஒரு ஸ்பூன் எண்ணெயில் கடுகு, வரமிளகாய், ஒரு பிடி கறிவேப்பிலை. கறிவேப்பிலை நன்றாக முறுகணும், ஈரம் இருந்தால் மொத்த அவலும் நமத்துப்போகும். கடலை 40 கிராம், பொட்டுக்கடலை 30 கிராம், சீவிய கொப்பரை கொஞ்சம், மஞ்சள் தூள், அரை டீஸ்பூன் உப்பு. அவலைக் கொட்டிப் பிரட்டி இறக்கினால் முடிந்தது. பச்சைத் தேங்காய் போடாதீர்கள், சிக்கு வாடை வந்துவிடும். ரத்த அழுத்தத்துக்கு மருந்து எடுக்கிறவர்கள் உப்பைப் பற்றி டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுகிறவர்கள் தனியாகக் குளுக்கோஸ் பாக்கெட் வைத்துக்கொள்வது அவசியம்.

நேந்திரம் சிப்ஸ், சர்க்கரை உப்பேரி எல்லாம் பாலக்காட்டில் எந்தக் கடையிலும் கிடைக்கும். ருசி ருசிதான். பையில் நொறுங்கும், தாகம் கூட்டும். காருக்குள் வைத்துவிட்டு, இறங்கி வந்து சாப்பிடுங்கள். பொரிவிளங்காய் உருண்டை நாள் கணக்கில் கெடாது. பல்லுக்கு உத்தரவாதம் இல்லை.

கட்டுச்சோறு எடுத்துப் போகலாமா?

போகலாம், அடிவாரம் வரைக்கும். பாலக்காட்டுக்காரர்கள் வாழையிலையில் கட்டும் பொதிச்சோறும் நம் புளிச்சோறும் காருக்குள் காத்திருக்கட்டும். மேலே தூக்கிப் போவதில் எடையைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. அரிசியில் பேசிலஸ் செரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கக்கூடும். கொதித்தாலும் அவை சாகாது. வடித்த சோறு வெதுவெதுப்பாகப் பல மணி நேரம் மூடிக் கிடந்தால் முளைத்துப் பெருகி நச்சு சுரக்கும், வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். மலைப்பாதையில் அதைவிட வேகமாக உடம்பின் தண்ணீரைக் குறைக்கும் விஷயம் எதுவும் இல்லை.

புளியும் எண்ணெயும் இதைத் தாமதப்படுத்தும், முன்னோர்கள் பயணத்துக்குப் புளிச்சோறு கட்டியதில் காரணம் உண்டு. ஆனால் முந்தின ராத்திரி கிளறி, சூட்டோடு டிஃபன் பாக்ஸில் அடைத்து, மறுநாள் மதியம் திறப்பது வேறு கதை. விடிகாலையில் வடித்து, தட்டில் பரப்பி நன்றாக ஆறவிட்டு, கை படாமல் கட்டி, சீக்கிரம் சாப்பிட்டுவிடுங்கள். தேங்காய்ச் சட்னியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். இட்லி என்றால் மிளகாய்ப் பொடியும் நல்லெண்ணெயும்தான்.

இரண்டாவது பொட்டலத்தில் என்ன?

இது தனிப் பையில், அடியில், ஒட்டி மூடி இருக்க வேண்டும். கடலை மிட்டாய் 150 கிராம், சுமார் 675 கலோரி. அரை லிட்டர் தண்ணீர். ஓஆர்எஸ் பாக்கெட் ஒன்று. ஒரு விசில், ஒரு சின்ன டார்ச். பவர் பேங்க் இருந்தால் அதையும் இங்கே வையுங்கள்.

ஓஆர்எஸ் வாங்கும்போது உறையைப் படியுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கலவையில் இல்லாத பானங்கள் 'ஓஆர்எஸ்' என்ற பெயரைப் போட்டு விற்கக் கூடாது என்று 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. அதுவரை ஜூஸ் டப்பாவில்கூட அந்தப் பெயர் இருந்தது. கையில் பாக்கெட் இல்லையென்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. டீஸ்பூன் தட்டையாக, குவிக்காமல். அவசரப் பையில் இருப்பது அரை லிட்டர் என்பதால் அதற்குப் பாதி அளவு.

மாட்டிக்கொண்டால் சாப்பாட்டில் அவசரம் காட்டாதீர்கள். உணவில்லாமல் மனிதர் நாள் கணக்கில் தாங்குவார், தண்ணீர் இல்லாமல் அந்த அவகாசம் மிகச் சிறியது. தண்ணீர் தீர்ந்த பிறகு உலர்ந்த காரத்தைத் தின்றால் தாகம்தான் ஏறும். குறும்பாச்சியில் அந்த இளைஞர் பையில் கடலை மிட்டாய் மட்டும் இருந்திருந்தால்கூடப் பெரிய மாற்றம் வந்திருக்காது. ஒரு பாட்டில் தண்ணீர் இருந்திருந்தால் அந்த இரண்டு ராத்திரிகள் வேறு மாதிரி இருந்திருக்கும்.

ஓடைத் தண்ணீரைக் குடிக்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். தெளிவாக ஓடுவதால் சுத்தம் என்று அர்த்தம் இல்லை. மழைக்காலத்தில் கேரளத்தில் எலிக்காய்ச்சல் வழக்கமான கவலை. வேறு வழியே இல்லாதபோது மட்டும்.

தோலைத் தூக்கிப் போட்டால் என்ன? மட்கிவிடாதா?

மட்கும், ஒரு நாளில் இல்லை. அதற்குள் குரங்கு வரும். மனிதர் உணவின் ருசி தெரிந்த விலங்கு திரும்பத் திரும்ப வரும் என்பதற்கு இடுக்கி எல்லையே சாட்சி. சின்னக்கானல் பகுதியில் ரேஷன் கடைச் சுவரை இடித்து அரிசி தின்றதாலேயே ஒரு யானைக்கு அரிக்கொம்பன் என்று பேர் வந்தது. 2023 ஏப்ரல் 29 அன்று கேரள வனத்துறை அதைப் பிடித்து பெரியாறு காட்டில் விட்டது. ஒரு மாதத்துக்குள் அது தேனி மாவட்டம் கம்பத்தில் தெருவுக்குள் வந்து நின்றது. ஜூன் 5 அன்று தமிழ்நாடு வனத்துறை பிடித்து களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோனது. அதற்குக் காரணம் மலையேறிகள் இல்லைதான். ஆனால் பாதையோரம் நாம் விட்டுவரும் பழத்தோலும் மிச்சச் சோறும் அதே பாடத்தைத்தான் விலங்குகளுக்குச் சொல்லித் தருகின்றன.

வழியில் பாட்டில் தண்ணீர் வாங்கிக்கொள்ளலாம் என்ற திட்டமும் இனி எடுபடாது. நெல்லியாம்பதி உள்ளிட்ட மலைச் சுற்றுலா இடங்களில் 5 லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்கு 2025 அக்டோபர் 2 முதல் தடை விதித்து கேரள உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஸ்டீல் பாட்டிலில் வீட்டில் இருந்தே நிரப்பிக்கொண்டு போங்கள்.

அனுமதி வேணுமா?

காட்டுக்குள் என்றால் கண்டிப்பாக. கேரள வனச் சட்டத்தின்படி ஒதுக்கப்பட்ட காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம். தோணி அருவிக்கு வனத்துறை தன் ஆட்களோடு குழு குழுவாக அனுப்பும் ஏற்பாடு இருக்கிறது. திறந்திருக்கிறதா என்று கிளம்பும் முன் கேட்டுக்கொள்ளுங்கள், யானை நடமாட்டத்தாலோ மழையாலோ மூடுவது சகஜம். இந்தப் பக்கம் என்றால், 2018 மார்ச் 11 குரங்கணி காட்டுத்தீயில் 20க்கும் மேற்பட்ட மலையேறிகள் இறந்த பிறகு தமிழ்நாடு அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகளைக் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம் 40 பாதைகளோடு தொடங்கியது. ஆன்லைனில் பதிவு செய்யலாம், வழிகாட்டி கூட வருவார்.

யூடியூபில் பார்த்த பாதை என்பது அனுமதி இல்லை. அனுமதியோடு போனால் நீங்கள் உள்ளே இருப்பது ஒருவருக்காவது தெரியும், நேரத்துக்குத் திரும்பாவிட்டால் தேட ஆள் வரும். வீட்டில் ஒருவரிடம் எந்த மலை, எத்தனை பேர், எத்தனை மணிக்குள் திரும்புவோம் என்பதை மெசேஜாகப் போட்டுவிடுங்கள். சிக்னல் போன பிறகு அனுப்ப முடியாது.

எதுவும் நடக்காமல் ஞாயிறு சாயங்காலம் வீடு வந்து சேர்ந்தால் அந்த இரண்டாவது பொட்டலம் பிரிக்காமல் அப்படியே இருக்கும். ஓஆர்எஸ், விசில், டார்ச் மூன்றும் பையிலேயே கிடக்கட்டும். கடலை மிட்டாய் திங்கட்கிழமை காலை ஆபீஸ் மேஜைக்குப் போகலாம். அடுத்த முறை கிளம்பும் முன் புதுசாகச் செய்துகொள்ளுங்கள்.